சின்சில்லா முயலுடன் சேர்க்க ஏற்ற முயலைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த இடத்தில், குறைந்த முதலீட்டில், வீட்டிலுள்ளோரின் உழைப்பைக் கொண்டே நடத்தக்கூடிய துணைத்தொழில்களுள் முயல் வளர்ப்பும் ஒன்றாகும். நம் மாநிலத்தில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் தொடங்கி, இன்று சமவெளியிலும் பல சிறு விவசாயிகள் கொல்லைப்புறக் கூண்டுகளில் முயல் வளர்த்து வருகின்றனர். இவர்களில் பலரிடம் இருப்பது சோவியத் சின்சில்லா என்னும் சாம்பல் நிற இனமாகும். இரண்டு மூன்று பெண் முயல்களுடன் தொடங்கியவர்கள், ஓராண்டு கழிந்ததும் புதிதாக ஓர் ஆண் முயலையோ, வேறு இனப் பெண் முயலையோ வாங்கிச் சேர்க்க விரும்புவது இயற்கையே. எந்த முயலை வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கி வந்ததும் எப்படிச் சேர்ப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

புதிய முயலின் தேர்வைச் சிறிய செய்தியாக எண்ணிவிடக் கூடாது. 5 பெண் முயல்களுக்கு ஓர் ஆண் முயல் என்ற கணக்கில் வளர்ப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பெண் முயலும் ஆண்டுக்கு 5 முறை ஈன்று, ஈற்றுக்கு 6 குட்டிகள் தந்தால், ஓராண்டில் 150 குட்டிகள் பிறக்கும். அந்த 150 குட்டிகளுக்கும் தந்தை அந்த ஒரே ஆண் முயல்தான். அதனிடம் உள்ள நல்ல குணமும் தீய குணமும் குட்டிகளுக்குச் சென்று சேரும். அது நோயைச் சுமந்து வந்திருந்தால் அந்நோயும் கொட்டில் முழுவதும் பரவும். எனவே ஒரு முயலுக்குக் கொடுக்கும் விலை, உண்மையில் ஓராண்டு வருமானத்திற்குக் கொடுக்கும் விலையாகும்.

இரண்டு சின்சில்லாக்கள்

முதலில் பெயரைப் பற்றிய குழப்பத்தைப் போக்கிக் கொள்ள வேண்டும். சின்சில்லா என்னும் பெயரில் இரண்டு வேறு பிராணிகள் உள்ளன.

ஒன்று, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும் சின்சில்லா. இது எலி, அணில் ஆகியவற்றைப் போன்ற கொறிக்கும் பிராணியாகும். எடை பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டியே இருக்கும். மிக அடர்ந்த, மென்மையான உரோமம் கொண்டது. அந்த உரோமத்திற்காகவே மிகுதியாக வேட்டையாடப்பட்டு, காட்டில் அருகிப்போனது. 1923-ஆம் ஆண்டில் மத்தியாஸ் சாப்மன் என்பவர் 11 சின்சில்லாக்களைத் தென் அமெரிக்காவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்று வளர்த்தார். அதன் பின்னரே அமெரிக்காவில் இதனைப் பண்ணை முறையில் வளர்ப்பது பரவியது.

மற்றொன்று, சின்சில்லா முயல். இதன் நிறம் மேற்கூறிய பிராணியின் நிறத்தை ஒத்திருந்ததால் இப்பெயர் வந்தது. பிரான்சு நாட்டில் உருவாக்கப்பட்ட இவ்வினம் 1913-ஆம் ஆண்டில் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பின்னர் சோவியத் நாட்டில், இதனைப் பெரிய உடலமைப்புள்ள வெள்ளை முயல்களுடன் கலந்து, தெரிந்தெடுத்து உருவாக்கிய இனமே சோவியத் சின்சில்லா. நம் நாட்டில் நன்கு வளர்ந்த முயல் ஏறத்தாழ 4 கிலோ எடை இருக்கும். இது எல்லா வகையிலும் முயலே. மற்ற முயல் இனங்களுடன் சேர்ந்து குட்டி ஈனும்.

அசல் சின்சில்லாவைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் வெளிநாட்டினர் சிலர், அதற்குத் துணையாக அதே கூண்டில் முயலை விடுவதுண்டு. இது தவறான வழக்கமாகும். முயல் பின்னங்காலால் உதைத்தால் அரைகிலோ எடையுள்ள பிராணியின் எலும்பு முறியும். வெளிப்பார்வைக்கு நலமாக உள்ள முயலின் மூக்கிலும் பாஸ்டுரெல்லா, போர்டெடெல்லா போன்ற நுண்கிருமிகள் இருக்கக்கூடும். அவை சின்சில்லாவுக்குத் தொற்றினால் கடும் நோயை உண்டாக்கும். உணவும் ஒத்துவராது. முயலுக்குப் பசுந்தழை ஏற்றது. சின்சில்லாவோ உலர்ந்த புல்லையே பெரிதும் உண்டு வாழ்வது. ஈரமான தழையை மிகுதியாகத் தின்றால் அதற்கு வயிறு உப்பும். அது நீரில் குளிப்பதில்லை. நுண்ணிய மண்தூளில் புரண்டே உரோமத்தைச் சுத்தம் செய்து கொள்ளும். 25 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையே அதனால் தாங்க இயலாது. எனவே இவ்விரண்டையும் ஒரே கூண்டில் வைக்கக் கூடாது. நம் சமவெளிக்கு அப்பிராணி ஏற்றதும் அன்று. இனி இக்கட்டுரையில் சின்சில்லா என்பது சின்சில்லா முயலையே குறிக்கும்.

தூய இனமா என்று அறிவது எப்படி?

சாம்பல் நிறமாக உள்ள முயல் எல்லாம் சின்சில்லா அன்று. சாம்பல் நிற ஜெயண்ட் இனமும், பல கலப்பின முயல்களும் பார்வைக்கு ஏறத்தாழ அவ்வாறே தோன்றும். இதனைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. முயலை மேசையின் மேல் ஒரு சாக்கின் மீது வைத்து, அதன் விலாப்புறத்து உரோமத்தில் வாயால் ஊத வேண்டும். உரோமம் வட்டமாக விலகி, பூப்போல அடுக்கடுக்கான வளையங்கள் தெரியும். சின்சில்லா முயலில் தோலை ஒட்டிய அடிப்பகுதி கருநீலச் சாம்பலாகவும், அதற்கு மேல் முத்துப் போன்ற வெண்மையாகவும், நுனி கருமையாகவும் இருக்கும். நடு வளையம் பழுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது தூய சின்சில்லா அன்று என்று அறியலாம். வயிற்றுப்புறமும் வாலின் அடிப்புறமும் வெண்மையாக இருத்தல் வேண்டும்.

எந்த இனத்தைச் சேர்ப்பது?

இதற்கான விடை, வளர்ப்போரின் நோக்கத்தைப் பொறுத்தது.

1. இனவிருத்திக்காகக் குட்டிகளை விற்க விரும்புவோர்: இவர்கள் சின்சில்லாவுடன் சின்சில்லாவையே சேர்க்க வேண்டும். ஆனால் தம்மிடம் உள்ள முயல்களுக்கு உடன்பிறந்ததாகவோ, தந்தையாகவோ, மகனாகவோ இல்லாத ஆண் முயலை வேறு பண்ணையிலிருந்து வாங்குதல் வேண்டும். நெருங்கிய உறவுள்ள முயல்களைத் தொடர்ந்து சேர்த்து வந்தால், ஈற்றுக்குப் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையும் அவை பிழைக்கும் திறனும் குறைந்து கொண்டே வரும். பல்வரிசைக் கோளாறு போன்ற பரம்பரைக் குறைகளும் வெளிப்படும்.

2. இறைச்சிக்காக வளர்ப்போர்: நியூசிலாந்து வெள்ளை அல்லது வெள்ளை ஜெயண்ட் இனத்தைச் சேர்க்கலாம். இரண்டு இனங்களைக் கலக்கும்போது, முதல் தலைமுறைக் குட்டிகளில் கலப்பு வீரியம் காரணமாக வளர்ச்சியும் பிழைக்கும் திறனும் மேம்பட வாய்ப்புண்டு. இக்குட்டிகளை இறைச்சிக்கே பயன்படுத்த வேண்டும். இவற்றையே மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நிறமும் எடையும் ஒரு சீராக இரா.

3. வீட்டில் செல்லமாக வளர்ப்போர்: இனத்தைவிட, பழகும் குணமே முக்கியம். கையால் தொட்டுப் பழக்கப்பட்ட, 2 முதல் 3 மாத வயதுள்ள குட்டி ஏற்றது. ஈனும் தேவை இல்லையெனில், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளாக வாங்குதல் நன்று.

அங்கோரா இனத்தைச் சமவெளியில் சேர்க்க வேண்டாம். உரோமத்திற்காக வளர்க்கப்படும் இவ்வினம் குளிர்ந்த மலைப்பகுதிக்கே ஏற்றது. கோடை வெப்பத்தை நீண்ட உரோமத்துடன் தாங்க அதனால் இயலாது.

வயல்வெளியில் அகப்படும் காட்டு முயலைப் பிடித்து வந்து சேர்க்க நினைப்பதும் வீணாகும். காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு. காட்டு முயலின் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றி, கண்மூடிப் பிறக்கும். இவ்விரண்டும் சேர்ந்து குட்டி ஈனுவதில்லை. மேலும், காட்டு முயலைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

நிறம் பற்றிய ஓர் எச்சரிக்கை

சின்சில்லாவுக்கும் வெள்ளை முயலுக்கும் பிறந்த குட்டிகள் பெரும்பாலும் சின்சில்லாவைப் போன்றே தோன்றும். ஆயினும் அவற்றின் உடலில் வெள்ளை நிறத்திற்கான மரபுக்கூறு மறைந்திருக்கும். இத்தகைய இரண்டு முயல்களைச் சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். எனவே ‘இரண்டு சாம்பல் முயலுக்கு வெள்ளைக் குட்டி எப்படி வந்தது?’ என்று வியப்படைய வேண்டியதில்லை. இனவிருத்திக்கு முயல் வாங்கும்போது தாய், தந்தை இரண்டையும், இயன்றால் அதே ஈற்றில் பிறந்த மற்றக் குட்டிகளையும் நேரில் பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. தம் பண்ணையில் கலப்புக் குட்டிகளைப் பெறுவோர், அவற்றின் காதில் எண் குத்தி, பதிவேட்டில் தனியே எழுதிவர வேண்டும். கலப்புக் குட்டியைத் தூய இனம் என்று விற்றால் ஓராண்டுக்குள் வாங்கியவருக்கு உண்மை தெரிந்துவிடும். அதன்பின் அவர் நம்மிடம் வரமாட்டார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையால் தோள்பட்டைத் தோலைப் பிடித்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்கித் தூக்க வேண்டும். பின்னர் தலை முதல் வால் வரை கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தல் நலம்.

மூக்கு: உலர்ந்து சுத்தமாக இருத்தல் வேண்டும். தும்மலும் மூக்கொழுக்கும் உள்ள முயலை வாங்கவே கூடாது. முயல் ஒழுகும் மூக்கை முன்னங்காலால் துடைத்துக் கொள்ளும். ஆதலால் முன்னங்கால்களின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உரோமம் ஒட்டிச் சடையாக இருந்தால், விற்பவர் மூக்கைத் துடைத்துக் காட்டியிருந்தாலும் நோய் உண்டு என்று அறியலாம்.

பற்கள்: மேலுதட்டை விலக்கிப் பார்க்க வேண்டும். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்குச் சற்று முன்னால் படிந்திருக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரக்கூடியவை. ஒன்றோடொன்று உராய்ந்து தேய்வதால்தான் அளவாக இருக்கின்றன. வரிசை தவறியிருந்தால் பல் நீண்டு வளைந்து, முயல் தீவனம் தின்ன இயலாமல் மெலியும். இக்குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவதால், இத்தகைய முயலை இனவிருத்திக்குக் கொள்ளக் கூடாது.

காது: உட்புறத்தில் பழுப்பு நிறப் பொருக்கு இருந்தால் அது காதுச் சொறியாகும். முயல் அடிக்கடி தலையை ஆட்டுவதும் காதைச் சொறிவதும் இதன் அறிகுறிகள்.

தோல்: மூக்கின் நுனி, காதின் ஓரம், கால் விரல்கள் ஆகிய இடங்களில் உரோமம் உதிர்ந்து வெண்மையான செதில் காணப்பட்டால் அது சொறிநோயாகும். இது மற்ற முயல்களுக்கு விரைந்து பரவும். கையாளும் மனிதருக்கும் அரிப்பை உண்டாக்கும்.

பாதம்: பின்னங்கால் பாதத்தில் உரோமம் அடர்ந்திருக்க வேண்டும். கம்பித் தரையில் நிற்கும் முயலுக்குப் பாத உரோமம் குறைவாக இருந்தால் விரைவில் புண் உண்டாகும். பாதப் புண்ணுள்ள ஆண் முயல் இனச்சேர்க்கைக்கு முன்வராது.

வயிறும் ஆசனப் பகுதியும்: வயிறு உப்பலின்றி, ஆசனப் பகுதி உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கழிச்சல் ஒட்டியிருந்தால் இரத்தக்கழிச்சல் நோய் இருக்கக்கூடும். இந்நோய் பால்மறந்த குட்டிகளையே மிகுதியாகத் தாக்கும்.

பால் உறுப்புகள்: பெண் முயலுக்குக் குறையில்லாத காம்புகள் 8-க்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஆண் முயலுக்கு இரு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும். இவை ஏறத்தாழ 3 மாத வயதில் இறங்கும். அதற்கும் இளைய குட்டிகளில் பாலினத்தை அறிய, பிறப்புறுப்பை மெதுவாக இரு விரல்களால் அழுத்திப் பார்க்க வேண்டும். துளை வட்டமாகக் குழல்போல எழுந்தால் ஆண், நீண்ட பிளவாகத் தெரிந்தால் பெண்.

வயது: இளம் முயலின் நகம் பாத உரோமத்திற்குள் மறைந்திருக்கும். முதிர்ந்த முயலின் நகம் உரோமத்திற்கு வெளியே நீண்டு, வளைந்து காணப்படும். உடனே இனச்சேர்க்கைக்குப் பயன்பட வேண்டுமெனில், பெண் முயலுக்கு 5 முதல் 6 மாதமும், ஆண் முயலுக்கு 6 முதல் 7 மாதமும் நிரம்பியிருக்க வேண்டும்.

எங்கே, எப்போது வாங்குவது?

நீலகிரி மாவட்டம் சாண்டிநல்லாவிலுள்ள செம்மறியாட்டு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும் முயல் ஆராய்ச்சியில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. இவற்றிலோ, பதிவேடு முறையாக வைத்திருக்கும் பண்ணையிலோ வாங்குதல் நன்று. சந்தையில் கூடையில் வைத்து விற்கப்படும் முயலின் பிறப்பும் நோய் வரலாறும் எவருக்கும் தெரியாது. விலை குறைவு என்பதற்காக அதனை வாங்குவது பெருநட்டத்தில் முடியலாம்.

‘முயலை எங்களிடமே வாங்குங்கள், குட்டிகளை நாங்களே நல்ல விலைக்குத் திரும்ப வாங்கிக் கொள்கிறோம்’ என்று கூறி, முயலுக்கு மிகையான விலை கேட்போரிடமும் விழிப்பாக இருக்க வேண்டும். உள்ளூரில் இறைச்சிக்கோ, வளர்ப்புக்கோ கேட்பவர் உண்டா என்பதை முதலில் விசாரித்து, அந்த விலையைக் கொண்டே கணக்குப் பார்க்க வேண்டும்.

மலையில் பிறந்து வளர்ந்த முயலைச் சமவெளிக்குக் கொண்டுவர ஏற்ற காலம் ஐப்பசி முதல் மாசி வரையாகும். வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டினால் ஆண் முயலின் விந்துத்தரம் குறையும். வெப்பம் தணிந்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகும். கோடையில் வாங்கி வந்த ஆண் முயல் சினைப்படுத்தவில்லை என்று பலர் அதனைக் கழித்துவிடுகின்றனர். குறை முயலிடம் இல்லை, கொண்டுவந்த காலத்தில்தான் உள்ளது. முயலை இரவிலோ அதிகாலையிலோ, காற்றோட்டமுள்ள பெட்டியில் ஏற்றிவர வேண்டும்.

21 நாட்கள் ஒதுக்கி வைத்தல்

எவ்வளவு நல்ல பண்ணையில் வாங்கினாலும், புதிய முயலை நேரே பழைய முயல்களுடன் வைக்கக் கூடாது. கொட்டிலிலிருந்து விலகிய இடத்தில், காற்று பழைய முயல்களை நோக்கி வீசாத திசையில், தனிக் கூண்டில் 21 நாட்கள் வைத்திருக்க வேண்டும். காதுச் சொறியை உண்டாக்கும் பேன் போன்ற நுண்ணுயிர் முட்டையிலிருந்து வளர்ந்து முழு உருப்பெற ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத நோய் இதற்குள் வெளிப்பட்டுவிடும்.

இக்காலத்தில் பழைய முயல்களுக்குத் தீவனம் வைத்துவிட்டு, கடைசியாகவே புதிய முயலிடம் செல்ல வேண்டும். தீவனத் தட்டும் நீர்க்கிண்ணமும் தனியே இருக்க வேண்டும். திரும்பியதும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். புழுக்கையை நாள்தோறும் அகற்ற வேண்டும். இரத்தக்கழிச்சல் கிருமிகள் ஈரமான புழுக்கையில் சில நாட்கள் கிடந்த பின்னரே தொற்றும் நிலையை அடைகின்றன. எனவே அன்றாடம் கூட்டி அள்ளுவதே இந்நோய்க்குச் சிறந்த தடுப்பாகும்.

தீவனத்தையும் திடீரென மாற்றக் கூடாது. வாங்கும் இடத்திலிருந்தே ஒரு வாரத்திற்குத் தேவையான அடர்தீவனத்தைக் கேட்டு வாங்கி வந்து, நம் தீவனத்தை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலந்து கொடுத்துவர வேண்டும். வேலிமசால், குதிரைமசால், புல் ஆகியவற்றை ஈரம் உலர வாடவைத்துக் கொடுக்கலாம். புதிய முயலுக்கு முதல் சில நாட்கள் உலர்ந்த புல்லே மிகுதியாக இருக்கட்டும்.

நோய் காணப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்றவற்றை வாய்வழியாகக் கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அழிந்து, கழிச்சல் கண்டு இறக்க நேரிடும். மனிதருக்கும் மாட்டுக்கும் நன்மை செய்யும் மருந்து முயலுக்கு நஞ்சாகலாம் என்பதை மறக்கக் கூடாது. நாய்க்குத் தெளிக்கும் உண்ணி மருந்தையும் மருத்துவர் சொல்லாமல் முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

சேர்த்து வைக்கும் முறை

21 நாட்கள் நலமாகக் கழிந்த பின், புதிய முயலைக் கொட்டிலுக்குக் கொண்டுவரலாம். அப்போதும் ஒரே கூண்டில் விடுதல் கூடாது. வளர்ந்த ஆண் முயலுக்கு 4 சதுர அடியும், தாய் முயலுக்கு 5 சதுர அடியும் கொண்ட தனித்தனிக் கூண்டுகள் தேவை. 3 மாத வயதைக் கடந்த இரண்டு ஆண் முயல்களை ஒன்றாக விட்டால் கடுமையாகச் சண்டையிட்டு, ஒன்றன் விதையை மற்றது கடித்துவிடும்.

இனச்சேர்க்கைக்கு, பெண் முயலையே ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். பெண் முயல் தன் கூண்டில் புதிய முயலைக் கண்டால் தாக்கும். சேர்க்கை முடிந்ததும் பெண் முயலைத் திரும்ப எடுத்துக் கொள்ள வேண்டும். சேர்த்த நாள், ஆண் முயலின் எண் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்தால், 28 முதல் 32 நாட்களில் ஈனும் நாளை எதிர்பார்த்துப் பெட்டி வைக்க இயலும்.

செல்லமாக வளர்க்கும் பெண் முயல்களையும் முதல் வாரத்தில் கம்பி வலை இடையிட்ட அடுத்தடுத்த கூண்டுகளில் வைத்து, ஒன்றன் வாசனையை மற்றது அறியச் செய்ய வேண்டும். பின்னர் இரண்டுக்கும் பழக்கமில்லாத புது இடத்தில், நம் கண்ணெதிரே, சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். துரத்துவதும் உரோமத்தைப் பிடுங்குவதும் இன்றி அருகருகே தின்னத் தொடங்கினால் நேரத்தைக் கூட்டலாம்.

புதிய முயலை வாங்கச் செல்லும்போது, மேற்கூறியவற்றை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்வது பயன் தரும். மூக்கு, பல், காது, தோல், பாதம், வயிறு, பால் உறுப்பு, நகம் ஆகிய எட்டையும் பார்த்து முடிக்க ஒரு முயலுக்கு 5 நிமிடங்கள் போதும். அந்த 5 நிமிடங்களையும், பின்னர் 21 நாட்கள் பொறுமையையும் செலவிடும் விவசாயி, தம்மிடம் ஏற்கெனவே உள்ள சின்சில்லா முயல்களைக் காப்பதோடு, நல்ல குட்டிகளைப் பெற்று நிலையான வருவாயும் அடையலாம்.